முப்பதாவது கோடு

என் மேசைமேல் நிற்கும் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் நூறு கோடுகள். முப்பதாவது கோடு மட்டும் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் வயலில் வேலை பார்த்த ஒன்பது ஆண்டுகளும் என் கட்டைவிரல் நின்ற இடம் அது.

கிணற்றிலிருந்து எண்ணெயோடு உப்புத் தண்ணீரும் ஏறிவரும். எண்ணெயை வழித்தெடுத்த பிறகும் கரைந்து நிற்கும் அழுக்கைத் தின்னத் தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்த்தோம். சாணம் கரைத்து ஊற்றி, உப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிப் பழக்க நாற்பத்தொரு நாள் ஆயிற்று. தினமும் காலையில் தொட்டி நீரைக் குடுவையில் மொண்டு வைப்பேன். முப்பது நிமிடத்தில் பழுப்புச் சேறு முப்பதாவது கோட்டுக்கு இறங்கி மேலே தெளிந்தால், உயிர்கள் நலம்.

வேலை வாங்கித் தந்த மேற்பார்வையாளர் வடக்கனந்தல்காரர், நான் பக்கத்துக் கள்ளக்குறிச்சி. கிணறு நின்ற நாட்களில் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்குமே என்று தன் வயல் கரும்பு வெல்லத்தைக் கொண்டுவந்து கரைப்பார். "இதுங்களுக்கும் நம்மூரு வெல்லந்தான் ருசி தம்பி" என்று சிரிப்பார்.

மகளின் காதுகுத்துக்கு நான்கு நாள் விடுப்புக் கேட்டுக் கடிதம் நீட்டினேன். "நமக்குள்ள இன்னா தம்பி லெட்டரு? போய்ட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று அதை மடித்து என் சட்டைப்பையிலேயே திணித்தார். எல்லாவற்றையும் எண்ணி எழுதி வைக்கும் நான், அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை குடுவையை வைத்தேன். முப்பது நிமிடம். அறுபது. தெளியவே இல்லை. நான் இல்லாத நாளில், சேமிப்புக் குழி நிரம்பி வழிகிறதென்று அவர் வால்வைத் திறந்து, உப்புத் தண்ணீரை ஒரேயடியாக விட்டிருந்தார். தொட்டி முழுக்கச் செத்துக் கிடந்தது.

விசாரணையில் சொன்னார்: "இவருதாங்க வால்வைத் தொறந்து வுட்டுட்டு, சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போய்ட்டாரு."

எட்டுச் சொற்கள். அதில் 'தம்பி' இல்லை. கையெழுத்தில்லாத கடிதத்தைக் காட்டினேன். இதை நேற்றுக்கூட நீயே எழுதியிருக்கலாமே என்றார்கள் விசாரித்தவர்கள். வேலை போயிற்று. குடுவையை எடுத்துக்கொண்டு வந்தேன். அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

போன வாரம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அவர் எதிரே வந்தார், கையில் ஊன்றுதடி.

"இன்னா தம்பி, இன்னும் எண்ணிக்கினுதான் இருக்கியா?"

அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்விகள் பதினேழு. "ஆமாண்ணே" என்றுதான் வாயில் வந்தது. பையிலிருந்து ஓர் அச்சு வெல்லம் எடுத்து என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதைக் குடுவையில் கரைத்து, கட்டைவிரலை அதே கோட்டில் வைத்துக் காத்திருந்தேன். முப்பது நிமிடம் ஆகியும் அந்தப் பழுப்பு இறங்கவில்லை.