குவாட்டர்பாக்கும் ஈரத் துவாயும்

வட அமெரிக்கக் கண்டம் முழுவதும் பரவிக் கிடக்கும் ஒரு பிழையான நம்பிக்கையை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. பெயர் அப்படி இருந்தாலும் கையால் ஆடப்படும் புட்போல் விளையாட்டில் குவாட்டர்பாக்காக நிற்பவருக்கு, அதாவது பந்தை வாங்கி, ஓடுகிற ஆட்களுக்கு எறிந்து கொடுப்பவருக்கு, வலுவான கை வேண்டும் என்பதே அந்த நம்பிக்கை. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள், கல்லூரிப் பயிற்சியாளர்கள், ஞாயிறு பின்னேரம் சோபாவில் சரிந்து கிடப்பவர்கள் எல்லோரும் இதை நம்புகிறார்கள். எல்லோரும் தவறு.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில், மில்லிக்கன் பக்கம் இருந்த ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் துவாய் வண்டி தள்ளினேன். சலவைத் தொழிற்சாலை என்பது ஹோட்டல்களில் மற்றவர்கள் முகம் துடைத்த துவாய்களை நாங்கள் முகம் சுளிக்காமல் பிரித்துப் போடுகிற இடம். பெட்டி கட்டியவர்கள், கோப்பை கழுவியவர்கள், கன்வேயருக்குப் பக்கத்தில் எட்டு மணித்தியாலம் நின்றே கால் வீங்கியவர்கள் என்று இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

கூரைக்கு மேலே போன பந்து

ஓகஸ்ட் மாதத்தில் கம்பனி பிக்னிக் வரும். ஒரு வருடம் முதலாளிக்கு ஓர் உற்சாகம் பிறந்தது. அழுக்குத் துணி பிரிக்கும் பகுதிக்கும் லொறி ஓட்டுநர்களுக்கும் ஒரு புட்போல் போட்டி என்றார். வெல்லுகிற பகுதிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை சம்பளத்தோடு லீவு. தோற்கிற பகுதி அன்று வென்றவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை. பிரிக்கும் மேசையில் நின்ற தவம் அண்ணைக்கு அது அந்த வெள்ளிக்கிழமை. நாலு வருடத்துக்குப் பிறகு அவருடைய மனைவியும் மகளும் அன்றைக்குப் பின்னேரம்தான் கொழும்பிலிருந்து வந்து இறங்குகிறார்கள். நகரத்தின் மற்றக் கோடியில், பார்க்டேலில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தவர் அவர்களுக்காக வேலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மன்றை வாடகைக்கு எடுத்து, சுவருக்குத் தானே வெள்ளை அடித்திருந்தார். ஆனால் லீவு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் குடிவரவு அலுவலக வரிசையில் கரைந்துவிட்டது. வேறு யாராவது போய்க் கூட்டி வரலாமே என்று கேட்டோம். இரண்டு வயதில் விட்டுவந்த பிள்ளை என்றார். யார் போய் நிற்கிறானோ அவனைத்தான் அப்பா என்று நினைத்துவிடும் என்று உண்மையாகவே பயந்தார்.

எங்கள் பகுதியை மேற்பார்த்த போர்மன் டெஸ்மண்ட், ஜமெய்க்காக்காரர், ஐம்பத்திரண்டு வயது. யார் குவாட்டர்பாக் என்று முடிவு செய்ய எல்லோரையும் கார் நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போய் ஆளுக்கு ஒரு தரம் எறியச் சொன்னார். தவம் அண்ணை ஊரில் கிரிக்கெட் ஆடியவர். எல்லைக்கோட்டில் நின்று விக்கெட் காப்பாளரின் கைக்கு நேரே எறிவதில் பெயர் எடுத்தவர். இரண்டு முனையும் கூர்ந்த அந்தப் பந்தை இரண்டு தரம் உருட்டிப் பார்த்தார். பிறகு எறிந்தார். அது தொழிற்சாலைக் கூரைக்கு மேலால் போய் மற்றப் பக்கம் மறைந்தது. எல்லோரும் கை தட்டினோம். டெஸ்மண்ட் மட்டும் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஆள் கிடைத்துவிட்டார். இனி அந்தப் பக்கத்தில் நின்று பிடிக்க ஒருவரைத் தேடுவோம்."

நூலகத்தில் கிடைத்த ஞானம்

நான் ஊரில் புவியியல் படிப்பித்தவன். எதையும் புத்தகத்தில் பார்க்காமல் நம்புகிற வழக்கம் இல்லை. நூலகத்துக்குப் போய் புட்போல் பற்றி இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்து, சாப்பாட்டு இடைவேளைகளில் படித்தேன். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. கை பலம் ஓரளவுக்குத்தான் வேண்டும். ஓடுகிறவன் அடுத்த விநாடி எங்கே இருப்பான் என்று தெரிவதுதான் முக்கியம். பந்தை ஆளுக்கு எறியக்கூடாது, ஆள் வரப்போகிற வெற்றிடத்துக்கு எறிய வேண்டும்.

இதை ஒரு துண்டுக் காகிதத்தில் அம்புக்குறிகள் போட்டு, கோணங்களும் குறித்துத் தவம் அண்ணைக்கு விளக்கினேன். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் ஓடுவதில்லை, இங்கே எல்லோரும் ஓடுகிறார்கள், வித்தியாசம் அதுதான் என்றேன். அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார். காகிதத்தை நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்தார், தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "தம்பி, நீர் புத்தகத்தை எறியும். நான் பந்தை எறியிறன்."

மனுவெலின் சுண்டுவிரல்

பயிற்சி தொடங்கியது. பந்தைப் பிடிக்க ஓடியவர் மனுவெல், எங்கள் பகுதியில் வேகமான கால் அவருக்குத்தான். தவம் அண்ணை எறியும்போது மனுவெல் எங்கே நின்றாரோ அந்த இடத்துக்குப் பந்து பிசகாமல் போகும். மனுவெல் அதற்குள் பத்தடி தள்ளிப் போயிருப்பார். இது ஐந்து தரம் நடந்தது. ஆறாம் தரம் மனுவெல் ஓடாமல் நின்றே பிடித்துப் பார்க்கலாம் என்று துணிந்தார். பந்து வந்தது. பிடிக்கவும் பிடித்தார்.

அடுத்த நாள் சுண்டுவிரலில் தகடு வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்கு ஆட ஒரு ஆள் குறைந்துவிட்டது. தவம் அண்ணை அவருக்கு ஒரு பெட்டி டோனட் வாங்கிக் கொடுத்து மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். மனுவெலுக்குக் கோபம் இல்லை. மருத்துவரைப் பார்த்த கதையைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "இதைச் செய்தது யார் என்று கேட்டார். என் நண்பர் என்றேன். பொலிசைக் கூப்பிடட்டுமா என்று மெல்லக் கேட்டார்."

நிற்காத வண்டி

பிரிக்கும் மேசையின் கோடியில் நின்றவர் ராஜேஸ் அன்ரி. ஐம்பதைத் தாண்டியவர், தோளில் வாதம் என்று பக்கத்தில் எப்போதும் ஒரு தைலக் குப்பி. ஈரத் துவாய்களை ஒவ்வொன்றாக உருட்டி, நான் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்குள் போடுவார். மற்ற மேசைகளில் வண்டியை நிறுத்த வேண்டும். அன்ரியிடம் நான் நிறுத்தியதில்லை. நேரம் மிச்சம் என்பதால் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை. பயிற்சிக்கு மறுநாள்தான் திடுக்கென்று உறைத்தது. அன்ரி வண்டியைப் பார்ப்பதேயில்லை. அடுத்த துவாயைப் பார்த்துக்கொண்டு, இடுப்புப் பக்கத்திலிருந்து மணிக்கட்டை மட்டும் சுண்டிவிடுவார். வெறும் தரைக்கு மேலேதான் அது போகும். அங்கே போய்ச் சேரும்போது வண்டி வந்திருக்கும். ஈரத் துவாயை உருட்டினால் புட்போல் பந்தின் வடிவம்தான் வரும் என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு பரிசோதனை செய்தேன். திடீரென்று வண்டியை நிறுத்தினேன். அன்ரியின் துவாய் வண்டிக்கு இரண்டடி முன்னால் தரையில் சப்பென்று விழுந்தது. ஆறு வருடத்தில் அவர் தவறவிட்ட ஒரே துவாய் அது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "ஏன் நிண்டனீர்? நிக்கிற வண்டிக்கு எறிய எனக்குத் தெரியாது."

அன்று பின்னேரம் தவம் அண்ணையிடம் போய், அன்ரியை எறிய விடுவோம் என்றேன். நூலகப் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "வாறது என்ரை மனுசி. தோத்தாலும் என்ரை கையாலை தோக்கிறன்."

சீலையும் சப்பாத்தும்

பிக்னிக் நாள் நல்ல வெயில். ராஜேஸ் அன்ரி கொண்டாட்டம் என்று பட்டுச் சீலை கட்டி, காலுக்கு வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு தட்டு மட்டன் றோல்சுடன் வந்தார். அணிக்கு ஐந்து பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் விதி. அதனால் அன்ரி மைதானத்தின் ஓரத்தில், றோல்ஸ் தட்டில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். பந்தோடு கோட்டைக் கடந்தால் ஒரு புள்ளி. முதலில் நாலு எடுப்பவர் வெற்றி. ஓட்டுநர்களின் தலைவர் கென், ஒஷாவாக்காரர், கதவு அளவு அகலம்.

தவம் அண்ணை எறிந்த எல்லாப் பந்தும் மைதானத்தைத் தாண்டிப் பக்கத்துக் குடும்பங்களின் பார்பிகியூ அடுப்புகளுக்குப் போனது. எங்களுக்குக் கிடைத்த மூன்று புள்ளிகளையும் டெஸ்மண்ட் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடியே எடுத்தார். மூன்றாவதற்குப் பிறகு புல்லில் மல்லாந்து படுத்து, இனி எழும்ப மாட்டேன் என்று அறிவித்தார். அவர்களுக்கும் மூன்று. டெஸ்மண்டின் இடத்துக்கு ஆள் இல்லை என்பதால் என்னை இறக்கினார்கள். வாழ்க்கையில் ஒரு தேசிக்காயைக்கூட ஏந்திப் பிடித்தவன் இல்லை நான்.

கோட்டுக்குப் பதினைந்து அடி இருந்தது. தவம் அண்ணை பந்தைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டார். அந்த நாலாக மடித்த காகிதம் அங்கேயே இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. பிறகு நடந்து போய்ப் பந்தை அன்ரியின் கையில் கொடுத்தார். எங்களுக்குக் கேட்காத குரலில் ஏதோ சொன்னார். அன்ரி றோல்ஸ் தட்டைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வண்டியைத் தள்ளும்."

பட்டுச் சீலையிடம் போன பந்தைப் பொருட்படுத்தாமல், ஓட்டுநர்கள் நாலு பேர் தவம் அண்ணையையே சுற்றி நின்றார்கள். நான் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வேலை வேகத்திலேயே ஓடினேன். பந்தைப் பார்க்கவில்லை, பார்த்துப் பழக்கமும் இல்லை. நடுவில் எங்கேயோ கைகளுக்கிடையில் ஏதோ வந்து படுத்தது. ஒரு குழந்தையைக்கூட அவ்வளவு மெதுவாக யாரும் என்னிடம் தந்ததில்லை. அப்படியே கோட்டைக் கடந்து, பழக்கத்தில் இன்னும் இருபதடி தள்ளிக்கொண்டு போனேன். டெஸ்மண்ட் எழும்பி ஆடினார். மனுவெல் தகட்டு விரலை ஆட்டினார். தவம் அண்ணை புல்லில் குந்தி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். கென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அது எறிதலே இல்லை. அந்த அம்மா பந்தைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்."

வருகைக் கதவு

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு எங்கள் பகுதி முழுவதும் போனது. மனுவெல் பலூன் வாங்கி வந்தார். அன்ரி மறுபடியும் றோல்ஸ். தவம் அண்ணை இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே வந்து, பயணிகள் வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு நேரே நின்றுகொண்டார். கதவு திறக்கும் போதெல்லாம் முன்னால் ஓரடி வைப்பார். யார் பேசினாலும் திரும்பவில்லை. கதவிலேயே கண்.

அவர்கள் எப்போது வந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பெரிய குடும்பத்தின் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்து வெளியே வந்து, கம்பித் தடுப்பு ஓரமாகப் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு முழுத் தூரமும் கடந்து, எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார்கள். பெட்டிகளுக்கு மேலே உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பெண் ஒருத்தி கையில் ஒரு புகைப்படத்தை வைத்து, படத்தையும் தவம் அண்ணையின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவிதான் அவரது தோளைத் தொட்டார். "உங்கை எங்கை பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நாங்கள் அப்பவே வந்திட்டம்."

ஆகவே, ஒரு குவாட்டர்பாக்குக்குக் கை பலம் எவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால், ஓர் ஈரத் துவாயைத் தூக்குகிற அளவுக்கு என்று ஆறு வருட அனுபவத்தை முன்வைத்துத் தயங்காமல் சொல்வேன். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மேசைகளில் நின்ற ஓட்டுநர்கள் அன்ரியைப் போலத் துவாய் எறிந்து பார்த்ததில் கூரையிலிருந்த இரண்டு குழல் விளக்குகள் உடைந்துவிட்டதால், திங்கட்கிழமை காலை பிரிக்கும் மேசைக்கு மேலே, துவாய்களை எறியக்கூடாது, வண்டியை நிறுத்திக் கையால் வைக்க வேண்டும் என்று ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அதன் தமிழ்ப் பிரதியை என்னைக் கொண்டே எழுதுவித்தார்கள்.