மாமாவின் இன்ஜினுக்கு நான் காதாக இருந்தேன்

பத்து வயதிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை. காதில் பெரிய மூடியை மாட்டிக்கொண்டு, ஒரு கார் இன்ஜின் உறுமுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேண்டாத சத்தம் ஒன்று வந்தால் கையைத் தூக்க வேண்டும். ஆம்பூரில் அந்த வேலைக்கு என்னைவிட்டால் ஆள் கிடையாது என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டதுண்டு. அது பொய்யும் இல்லை.

என் அம்மாவின் தம்பி, அதாவது மாமா, ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபிட்டர். கம்ப்ரசர் ரூமிலேயே பதினெட்டு வருஷம் இருந்ததில் சின்னச் சின்ன சத்தங்கள் எதுவும் அவர் காதில் ஏறாமல் போய்விட்டன. மாமி கூப்பிடுவது காதில் விழாததற்கும் அதையேதான் காரணம் சொல்லுவார். மாமி ஒருநாளும் அதை நம்பியதில்லை.

அவரும், அதே ரூமில் வேலை செய்த பாயும் சேர்ந்து ரேஸ் கார் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். பாய் என்று ஊரே கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கார் என்றால் பழைய வெள்ளைக் கார். அதன் சொந்த இன்ஜினைக் கழற்றிக் கடாசிவிட்டு, ஜப்பான் காரிலிருந்து வந்த ரோட்டரி இன்ஜின் ஒன்றைச் சென்னை காயலாங்கடையில் தேடிப் பிடித்து அதில் உட்காரவைத்தார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ன வேண்டியதற்கு நாலு வருஷமாகப் பூசை செய்கிறான் என்று தொழிற்சாலையில் மாமாவைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. மாமி அதற்கும் ஒருபடி மேலே போவார்.

"ஊர்ல இருக்கிற தோலெல்லாம் பதமாயி ஷூவா போய்டுச்சு. இந்த மனுஷன் மட்டும் இன்னும் பதமாவல."

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்ற இன்ஜின்களில் பிஸ்டன் போய்ப் போய் வரும். இதில் பிஸ்டனே கிடையாது. பக்கங்கள் உப்பிய முக்கோண இரும்பு ஒன்று கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். அதன் மூன்று முனைகளிலும் விரல் நீளத்துக்கு மெல்லிய பட்டை செருகியிருக்கும். சீல் என்பார்கள். அந்தப் பட்டைதான் இன்ஜினின் உயிர். மாமா இத்தோடு நிற்காமல் டர்போ வேறு மாட்டியிருந்தார். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழலவைத்து, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சமாசாரம் அது. காற்று ஜாஸ்தியானால் சக்தியும் ஜாஸ்தி. அளவு மீறினால் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து அந்தப் பட்டையை அடிக்கும். அடியை வாங்கிக்கொண்டே இருந்தால் பட்டை உடையும். பட்டை உடைந்தால் கூடும் போச்சு, டர்போவும் போச்சு.

அந்த அடி விழும் சத்தத்தைக் கேட்பதற்காக மாமா ஒரு வித்தை செய்திருந்தார். இன்ஜினில் ஒரு செம்புக் குழாயை போல்ட் போட்டு இறுக்கி, அதில் நீளமான ரப்பர் டியூபைச் செருகி, டியூபின் மறு நுனியைக் கம்ப்ரசர் ரூம் காது மூடிக்குள் நுழைத்திருந்தார். டாக்டர் மார்பில் வைத்துக் கேட்கிறாரே, அந்த மாதிரி. முதல் நாள் அவர் மாட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் இல்லை என்றார். பாய் கேட்டார். அவருக்கும் ஒன்றும் இல்லை. வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான் ஆசைக்கு வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"மாமா, உள்ள தகர டப்பால மல்லாட்டை கொட்ற மாதிரி கேக்குது." வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர்.

பாய் பாய்ந்து போய் இன்ஜினை நிறுத்திய வேகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. இரண்டு பெரிய மனிதர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் உத்தியோகம் அப்படித்தான் கிடைத்தது.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல், கோயிலில் ஆராதனை முடிந்ததும், மூடிக்கிடந்த ஒரு பழைய தோல் ஷெட்டுக்குப் போவோம். காரின் பின் சக்கரங்கள் இரண்டு இரும்பு உருளைகளின் மேல் நிற்கும். காரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். உருளையோடு பழைய லாரி பிரேக் ஒன்றை இணைத்திருந்ததால், பாய் அதை அழுத்த அழுத்த, கார் நின்ற இடத்திலேயே மலை ஏறுவதுபோல முக்கும். மாமா ஸ்டியரிங்கில். பாய் பக்கத்தில், மடியில் லேப்டாப். நான் பழைய சுண்ணாம்புத் தொட்டியின் சுவருக்குப் பின்னால், மாமா என்னைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். தொழிற்சாலையில் இருக்கிற சட்டம்தான் அங்கேயும். தோலை உருட்டுகிற பெரிய டிரம் ஓடுகிற இரைச்சலில் யாரும் கத்திப் பயனில்லை. யார் கை தூக்கினாலும் சுவிட்சில் இருப்பவன் முதலில் நிறுத்த வேண்டும். காரணமெல்லாம் அப்புறம்.

நான் கை தூக்குவேன். மாமா காலை எடுப்பார். பாய் லேப்டாப்பில் எதையோ குறைப்பார். இப்படியே ஆறு ஞாயிறு போனது. நான் கை தூக்கத் தூக்க, கார் சோனியாகிக்கொண்டே வந்தது. மாமா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் முகம் கொஞ்சம் தொங்கும். எனக்கு அது தாங்காது. சத்தத்தைச் செய்கிறவளே நான்தான் என்பதுபோல இருக்கும்.

சென்னை போகிற வழியில் இருக்கிற ரேஸ் ட்ராக்கில் அந்த வருஷம் சில வார இடைவெளியில் இரண்டு சுற்றாகப் போட்டி. மாமா இரண்டுக்கும் பேர் கொடுத்துவிட்டார். கிண்டல் செய்த தொழிற்சாலை ஆட்களே முதல் சுற்றைப் பார்க்க வேன் பேசிவிட்டார்கள். மாமி சபையில் எழுந்து நின்று இன்ஜினுக்காக ஜெபிக்கச் சொன்னார். போதகரும் முகம் மாறாமல் ஜெபித்தார்.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு. இன்னிக்கு முடிச்சாகணும் என்று பாய் வரும்போதே சொன்னார். இன்ஜின் நன்றாக இழுத்தது. மாமா சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. அப்போது அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து. என் கை தொடையிலிருந்து எழுந்தது. மாமாவின் சிரிப்பைப் பார்த்தேன். தூக்கினால் அது போய்விடும், வேனில் போகிற திட்டமும் போய்விடும் என்று தோன்றியது. தானாக நின்றுவிடும் என்று நினைத்துக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டேன். மல்லாட்டை கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் படாரென்று ஒரே சத்தம், ஷெட் முழுக்க வெள்ளைப் புகை.

மாமா ஓடி வந்து முதலில் என் கை காலைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் கேட்டார்.

"எதனா கேட்டுதா பாப்பா?"

"இல்ல மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் இன்ஜினைப் பிரித்தார்கள். உடைந்த பட்டையைப் பாய் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் விளிம்பெல்லாம் பொடிப் பொடியாகக் கொத்தியிருந்தது. ஒரே அடியில் உடைந்ததல்ல, ரொம்ப நேரம் தட்டியிருக்கிறது என்றார் அவர். மாமா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தொழிற்சாலையில் கேட்டவர்களுக்கெல்லாம், பெட்ரோல் வெடிக்கிற டைமிங்கைத் தானே ஜாஸ்தி வைத்துவிட்டதாகச் சொன்னார். வேன் இல்லையென்று ஆயிற்று. பேரீச்சம்பழக் கிண்டல் முன்னைவிடப் பலமாகத் திரும்பி வந்தது. நான் தப்பித்துக்கொண்டேன் என்று நம்பினேன். அந்த வாரம் கோயிலில் மன்னிப்புக் கேட்கவில்லை, மாமாவுக்குத் தெரியக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இன்னொரு கூடும், புதுப் பட்டைகளும், வேறொரு டர்போவும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. வேலை முடிந்து வந்து இரண்டு பேரும் தினமும் உட்கார்ந்து, மூன்றே வாரத்தில் இன்ஜினைக் கட்டி முடித்தார்கள். இரண்டாவது சுற்றுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் மாமா போய்த் தன் பேரை எடுத்துவிட்டு வந்தார். பாய்க்கு வந்ததே கோபம்.

"இன்னா தோஸ்த், வண்டி ரெடி, டைமும் இருக்குது. பேர எதுக்கு எடுத்த? பேஜார் பண்றியே!"

"அவசரம்னு வந்துட்டா யாரு வாயிலும் நெஜம் வராது பாய். இந்த வருஷம் வேணாம், வுடு."

பாகங்களைத் தேடிக் கொடுத்த காயலாங்கடைக்காரரைச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அந்தக் கார் ஓடியது, ஏழாவதாக வந்தது, வேனில் போனவர்கள் தொண்டை கட்டக் கத்தினார்கள். ஆனால் அந்த ஒரு வருஷம் முழுக்க மாமாமேல் எனக்கு இளக்காரம்தான். ரெடியாக இருந்த வண்டியை வைத்துக்கொண்டு பயந்துவிட்ட மனிதர் என்று என் கணக்கு.

இப்போது நான் ஷூ தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். மற்ற நாட்களில் ரிஜெக்ட் கூடை நிரம்பி வழியும். சரக்கு ஏற்ற லாரி வாசலில் வந்து நிற்கிற நாளில் மட்டும் கூடை காலியாகவே இருக்கும். எந்தப் பெண்ணின் கண்ணுக்கும் ஒரு கோணல் தையலும் தெரியாது. ஒருநாள் அந்தக் காலிக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு மாமா ஞாபகம் வந்தது. பட்டையைப் பார்த்த அன்றே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்னைத் திட்டியிருக்கலாம், வேலையைவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தியது ரேஸை. நாலு வருஷம் காத்திருந்த ரேஸை, ஒரு பத்து வயதுப் பெண் பயமில்லாமல் கை தூக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கடனை என்னால் எந்த ஜென்மத்திலும் தீர்க்க முடியாது, தீர்க்க ஆசையும் இல்லை.

பேரை எடுத்துவிட்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே, எதுவுமே நடக்காததுபோல மாமா காது மூடியை என் தலையில் மாட்டினார். நான் அன்று பதினான்கு முறை கை தூக்கினேன். அதில் நாலைந்து வெறும் பயம். ஒன்று, ரப்பர் டியூப் சுவரில் உரசிய சத்தம். பதினான்கு முறையும் மாமா காலை எடுத்தார். நிஜமா என்று ஒருமுறையும் கேட்கவில்லை. முகமும் தொங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, ரேஸே இல்லையென்றால் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான் பாப்பா" என்று சொல்லிவிட்டு, ரோட்டைக் கடக்க என் கையைப் பிடிக்க வந்தார். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கையை உதறிவிட்டு, நான் முன்னால் ஓடிவிட்டேன்.