ரோமாபுரி மலைக்கு ஒரு நேர்த்திக்கடன்

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டரில் படம் திருத்துவது என் வேலை. ஒரு சீசனில், டூர் நடத்துகிறவர் ஒருவர் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த கறுப்பு வெள்ளைப் படம். குன்றின் உச்சியில் ரோமாபுரியின் பழங்காலக் கோயில்கள். தூண்கள் பாதிக்குப் பாதி ஒடிந்து, கூரை சரிந்து கிடந்தன. வளைந்து ஏறும் பாதையில் நாலு ஆடுகள். தன் காலண்டருக்காக அதற்கு வண்ணம் கொடுக்கச் சொன்னார். பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் மிஷின் சத்தம்கூடக் காதில் விழாது. நானே அந்தப் பாதையில் நடந்துகொண்டிருப்பேன்.

அந்த மயக்கத்தில் கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. இடிந்த கோயிலை எங்கள் பக்கம் எவன் வீட்டுச் சுவரில் மாட்டுவான்? தூண்களை முழுசாக்கினேன், கூரையை மூடினேன், உச்சியில் ஒரு கொடியும் ஏற்றிவிட்டேன். இடிபாடுதானய்யா அழகு என்று டூர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேண்டாமென்ற அந்தச் சாம்பிள் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீட்டில் மனைவி கட்டிலோடு கிடந்தாள். இரண்டு கரு தங்காமல் போய், இது மூன்றாவது. எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று எதிர்ச் சுவரில் ஒட்டினேன். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படுத்தபடியே அவள் அந்த மலையில் ஏற ஆரம்பித்தாள். இன்றைக்கு ஆடுகள்வரை போனேன் என்பாள். அங்கே காற்று குளுகுளுவென்று இருக்கிறது என்பாள். ஏழாம் மாசம் உச்சிக்கே போய்விட்டாளாம். பிள்ளை தங்கினால் தூக்கிக்கொண்டு நிஜமாகவே ஏறி வருவதாக நேர்ந்துகொண்டாளாம். அது எந்த மலை என்று அந்த நிலைமையில் எப்படிச் சொல்ல? வாயை மூடிக்கொண்டேன், பாவி.

பெண் பிறந்தாள். மூன்று மாசம் கழித்து, அந்த மலைக்குச் சாத்தூரிலிருந்து பஸ் உண்டா என்று மனைவி கேட்டாள். இனியும் மறைத்தால் நான் மனுஷனில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: அது கடல் தாண்டிய ஊர், இப்போது அங்கே பூசையும் இல்லை சாமியும் இல்லை, இடிந்து கிடந்ததை நான்தான் சும்மா சரிசெய்தேன். நேர்ந்தது பொய்யாகிவிட்டதே என்று உடைந்துபோவாளோ என்று பயந்து நின்றேன்.

அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு படத்தையே பார்த்தாள்.

"இடிஞ்சு கெடந்த கோயிலையா எடுத்துக் கட்டுனீக? அம்புட்டு வருசமா நாதியத்துக் கெடந்த சாமிக்கு நீங்கல்ல கூரை போட்டிருக்கீக. பெறகு அது நமக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யும்?"

பிள்ளையை வாங்கிக்கொண்டு நான்தான் அழுதேன்.