மாமனாருக்கு ஒரு ‘டா’

மாமனாரை ‘டா’ போட்டுக் கூப்பிட்டுவிட்டு, அன்று மத்தியானமே அவர் வீட்டில் விருந்தும் சாப்பிட்டவன் கொங்குப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போத்தனூரில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மாமனாருக்குத் தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு. தேங்காய் ஏற்றும் லாரியின் பின்சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். கல்யாணமான முதல் வருடம். நல்ல பெயர் வாங்கும் அவசரத்தில் ஜாக்கி, ஸ்டாண்டு எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு மனைவியோடு கிளம்பிவிட்டேன்.

லாரி தோப்போரம் ஈர மண்ணில் நின்றிருந்தது. வீட்டு முன்னால் நல்ல சிமெண்டுக் களம். அங்கே ஓட்டி வரச் சொல்லியிருக்க வேண்டும். மாமனாரை வேலை ஏவ எனக்கு வாய் வரவில்லை, மடையன் நான்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டேன். ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினேன். தூக்குவதோடு ஜாக்கியின் வேலை முடிந்தது. தாங்குவதற்கு ஸ்டாண்டுதான் வேண்டும். அதை வைக்கும்வரை அடியில் யாரும் போகக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிற இந்தப் பாடத்தையும் அவரிடம் சொல்லவில்லை.

காரிலிருந்து ஸ்டாண்டை எடுத்துத் திரும்பினால், லாரிக்கு வெளியே மாமனாரின் கால்கள் மட்டும் தெரிந்தன. பலகையின் ஒரு முனை மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, வெளிய வந்துருங்க!”

“இருங்க மாப்ள, இந்த நட்டப் பாத்துப்போட்டு வாரேன்.”

“மாமா, ஜாக்கி சாயுதுங்க!”

“வந்துட்டேனுங்க, ஒரு நிமிசம்.”

ஸ்டாண்டைக் கீழே போட்டேன்.

“டேய்! வெளிய வாடா!”

அவர் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நகர்ந்திருக்க மாட்டார். மீசை துடிக்க எழுந்து நின்று, “ஏனுங்க மாப்ள, யாரப் பாத்து...” என்று ஆரம்பித்தார். அதற்குள் ஜாக்கி சறுக்கியது. லாரி தொப்பென்று உட்கார்ந்தது. அவசரத்தில் கழன்று கிடந்த அவருடைய இடதுகால் செருப்பு டயருக்கு அடியில் போய்விட்டது.

இரண்டு பேரும் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். “மன்னிச்சுப்போடுங்க மாமா” என்றேன். அவர் லாரியில் ஏறி, அதைக் களத்துக்கு ஓட்டிப் போனார். அங்கே ஸ்டாண்டுகளை அவரே தூக்கி வந்து கொடுத்தார். நான் அவற்றை வைத்து அசைத்துப் பார்த்து முடிக்கும்வரை பத்தடி தள்ளியே நின்றார்.

சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி கேட்டாள்: “அப்பா, தோப்புல என்னமோ சத்தம் கேட்டுச்சே? இவரு உங்களப் பாத்தா கத்துனாரு?”

நான் இலையில் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

“மாப்ள ‘ங்க’ போட்டுத்தான் ரெண்டு தடவ கூப்புட்டாரு அம்மணி” என்றார் மாமனார். “எனக்குத்தான் காது கேக்கல.”

என் இலையில் இன்னொரு கரண்டி நெய்யை அவரே ஊற்றினார்.