மொட்டை மாடி வெயில்

மின்சார கார் வாங்கியதும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. மயிலாப்பூர் மாட வீதியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் சிக்கி நிற்கும்போது, என் வண்டியிலிருந்து மட்டும் புகை வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் அடுக்ககத்தில் கார்களைத் துடைக்கும் அம்மாவிடமும் ஒருநாள் காலையில் இதைச் சொன்னேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"இதுக்குக் கரண்ட்டு எங்கேர்ந்து வருதும்மா? எங்க அக்கா வூடு ஊருக்கு அந்தாண்ட, கரி எரிச்சு கரண்ட்டு எடுக்கிற எடத்தாண்ட கீது. காயப்போட்ட துணியெல்லாம் சாம்பலாவுது. அவ பேரனுக்கு மூச்சு வாங்குது."

குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ பழைய பெட்ரோல் வண்டியே இருந்திருக்கலாமோ?" என்றேன்.

"அதுவும் புகைதானே. இந்தத் தெருவுல நானும்தான் நடக்கறேன், இது தேவல. கரண்ட்ட வேற மாரி எடுக்க முடியாதா?"

அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில், மொட்டை மாடியில் சோலார் பேனல் போடலாம் என்றேன். வடாம் காயவைக்க இடம் இருக்காது என்று சிலர் மறுத்தார்கள். மூன்று கூட்டங்கள் பேசியபிறகு பாதி மாடிக்குச் சம்மதம் கிடைத்தது.

இப்போது வெயில் நேரத்தில்தான் சார்ஜ் போடுகிறேன். மழைக்காலத்தில் அது போதாமல் பழைய கரண்ட்டையே எடுக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் அந்த அம்மா தன் அக்காவை மாடிக்கு அழைத்து வந்து காட்டினார்.

"எங்க தெருவுலயும் இதைப் போடலாமா?" என்று அக்கா கேட்டார். யாரிடம் மனு கொடுப்பது என்று மூவரும் அங்கேயே உட்கார்ந்து பேசினோம்.