ரெண்டு தரம் அமத்துங்கோ

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவனை எனக்குத் தெரியும். பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அன்றைக்கு அவனிடம் அது இருக்கவில்லை. பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இது பட்டப்பகலில், ஒரு வெள்ளிக்கிழமை, 12.25க்கும் 12.50க்கும் இடையில் நடந்தது. இடம், திருகோணமலை உட்துறைமுக வீதியை ஒட்டி, மூன்று பக்கமும் தகரம் அடித்த ஒரு கராஜ்.

மதுசன் அங்கே மெக்கானிக். வயது முப்பத்திரண்டு. வீட்டில் நாலு மாத இரட்டைப் பிள்ளைகள். ஒன்று தூங்கினால் மற்றது விழிக்கும், அப்படிப் பேசி வைத்துக்கொண்டு பிறந்ததுகள். அவனும் மனைவி தனுஷிகாவும் முறை வைத்துத்தான் தூங்கினார்கள். முறை வைத்தும் தூக்கம் வரவில்லை. பகலில் ஸ்பானர் கையில் இருக்கும்போதே அவனுக்குக் கண் சொருகிவிடும்.

அப்படிப்பட்ட நாளில்தான் ஜெமீலா ரீச்சரின் வெள்ளைக் கார் வந்தது. முன் சில்லு இரண்டிலும், சக்கரத்தை அமுக்கிப் பிடிக்கிற பிறேக் கலிப்பர் இறுகிப்போயிருந்தது. புதன்கிழமை மதுசன் இரண்டையும் கழற்றிக் கழுவி, புது சீல் போட்டு, புது பிறேக் பாட் வைத்துப் பூட்டினான். பூட்டியபின் பெடலை மிதித்தால் பஞ்சில் கால் வைத்த மாதிரி இருந்தது. மெல்ல மெல்ல நிலம் வரைக்கும் போனது.

பிறேக் வேலைக்குப் பிறகு பெடல் இப்படிப் போனால் குழாய்க்குள் காற்று நிற்கிறது என்று அர்த்தம். காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவன் சீற்றில் இருந்து பெடலை அடிப்பான். கீழே மற்றவன் சில்லுக்குப் பக்கத்தில் படுத்திருப்பான். கீழே இருப்பவன் "அடி" என்றால் மேலே மூன்று தரம் அடிக்க வேண்டும். "பிடி" என்றால் மிதித்தபடி பிடிக்க வேண்டும். கீழே இருப்பவன் கலிப்பரில் இருக்கிற நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறப்பான். காற்றும் ஒயிலும் சீறிக்கொண்டு வரும். நிப்பிளை மூடிய பிறகு "விடு" என்பான். அதுவரைக்கும் மேலே இருப்பவன் காலை எடுக்கக் கூடாது.

மதுசனும் அவனோடு கராஜில் வேலைசெய்யும் நஸ்ரியும் இப்படி நாலு தரம் எடுத்துவிட்டார்கள். ஒயில் சுத்தமாக வந்தது. ஒரு குமிழி இல்லை. கசிவும் இல்லை. முன் குழாய் இரண்டையும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் பெடல் கல்லுப் போல நின்றது. விட்டால் மறுபடியும் பஞ்சு. பிழை முன்பக்கம்தான் என்று தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. கிட்ட இருந்து தேடுவதற்கு அவனுக்குக் கண்ணும் இல்லை, மனமும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ரீச்சர் வருவதாகச் சொல்லியிருந்தார். கணவர் அஸீமுக்குச் சனிக்கிழமை காலை கண்டியில் கண் ஒப்பரேஷன். அதைத் தவறவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ரீச்சர்தான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும், மாத்தளை மலைப்பாதையால்.

கராஜ் முதலாளி முனீப் நானா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டே கேட்டார்.

"சரிவந்திட்டா?"

"இல்ல நானா. ரெண்டு தரம் அமத்தினா எழும்புது."

"அப்ப அதைச் சொல்லிக் குடுத்து விடு. அந்த மனிசன்ட கண் முக்கியம்."

"ஓம்" என்றான் மதுசன். நானா சொல்லச் சொன்ன வசனம் அவனுக்குப் புதிதல்ல. பெடலை ரெண்டு தரம் அமத்திப்போட்டுப் பிடியுங்கோ, ஓட ஓடச் சரிவரும். களைத்துப்போன மெக்கானிக்குகள் எல்லோரிடமும் இருக்கிற வசனம் அது. "ஓம்" என்று சொல்லும்போது அவனுக்கு ஒரு வெட்கமும் வரவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் நோகிறான்.

முனீப் நானாவும் நஸ்ரியும் 12.05க்குப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். தெரு வெறுமையாகிவிட்டது. ஜும்ஆ நேரத்தில் கராஜில் நிற்கும் கார்களைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது நானாவின் கண்டிப்பு. மதுசன் ரீச்சரின் காரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். சோற்றுப் பார்சலில் பாதியைத் தின்றான். 12.25க்கு, கசிவு இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று முன் சில்லுகளைக் கழற்றி ஜக்கில் தூக்கியிருந்த காரின் இடது முன்பக்கம் ஒரு கடதாசி மட்டையைப் போட்டுப் படுத்தான்.

நிழல். குளிர்ந்த சீமெந்து. தூரத்தில் ஒலிபெருக்கியில் குத்பா, தொழுகைக்கு முந்திய பிரசங்கம்.

கண் மூடியது. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. கை தானாகப் போய் நிப்பிளில் ஸ்பானரை வைத்தது. ஒயிலைப் பிடிக்கிற போத்தல் குழாயையும் மாட்டியது. வாய் தானாகச் சொன்னது.

"அடி."

டப்… டப்…

பெடல் சத்தம்.

"பிடி."

"பிடிச்சிருக்கன்."

நிப்பிளைத் திறந்தான். ஒயில் சீறிக்கொண்டு போத்தலுக்குள் வந்தது. மூடினான்.

"விடு."

பெடல் மேலே வந்த சத்தம் கேட்டது. நஸ்ரி வந்துவிட்டான் போல என்று நினைத்தான். நினைத்தான் என்பதுகூடச் சரியில்லை. யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. ஆள் இருக்கிறது, வேலை நடக்கிறது, அவ்வளவுதான்.

"அடி."

டப்… டப்…

இரண்டு தரம். நஸ்ரி மூன்று தரம் அடிப்பான், எப்போதும். இவன் ஏன் இரண்டோடு நிறுத்துகிறான்?

"பிடி."

"பிடிச்சிருக்கன்… கீழ போகுது தம்பி."

நஸ்ரி அவனைத் தம்பி என்று கூப்பிட மாட்டான். இரண்டு பேருக்கும் ஒரே வயது. குரலும் கரகரப்பாக இருந்தது, தொண்டை வறண்ட ஆள் பேசுவதைப் போல.

குத்பா இன்னும் முடியவில்லை என்பது அப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

குத்பா முடியவில்லை என்றால்… நஸ்ரி எப்படி வந்தான்?

கார் ஜக்கில் நிற்கிறது. ஆள் ஏறினால் ஆடும். ஆடவில்லை. கதவு திறந்த சத்தமும் இல்லை.

"நஸ்ரி?"

தலையைத் தூக்கி மேலே பார்த்தான்.

"ஆரது?"

"கீழ போகுது தம்பி… நிலத்துக்குப் போகுது."

மதுசனின் கையில் இருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. டிங்.

பிறகு இன்னொரு குரல். பின் சீற்றில் இருந்து. சின்னக் குரல்.

"வாப்பா… பசிக்குது."

சட்டைப்பையைத் தொட்டான். சாவி இருந்தது.

காருக்கு அடியால் மற்றப் பக்கம் பார்த்தான். கால்கள் இல்லை. செருப்பு இல்லை.

வெளியே ஊர்ந்து வந்தான். எழும்பினான். கண்ணாடியால் உள்ளே பார்த்தான்.

ஆள் இல்லை.

பின் சீற்றிலும் இல்லை.

பெடல் கீழே இருந்தது.

நிலத்தோடு அமுங்கிப்போய்… யாரோ முழுப் பலத்தோடும் மிதித்திருப்பதைப் போல.

அவன் "விடு" என்று சொல்லவில்லை.

பெடல் எழும்பவில்லை.

அவனுக்கு ஓட வேண்டும். கீழே கிடந்த ஸ்பானரில் கால் இடறி, சில்லைக் கழற்றிய இடத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்துக்கு நேரே கலிப்பர். ஒரு சாண் தூரத்தில். மூன்று நாளாகக் கை மட்டும் போய்வந்த இடத்தை அப்போதுதான் அவன் கண்ணால் பார்த்தான்.

நிப்பிள் கீழ்ப்பக்கம் இருந்தது.

நிப்பிள் மேலே இருக்க வேண்டும். காற்று மேலேதான் நிற்கும். இடது கலிப்பரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டியிருக்கிறான். இனி நாற்பது தரம் எடுத்தாலும் ஒயில்தான் வரும், காற்று வராது. தூக்கம் கெட்டவன் செய்த வேலை. அதோடுதான் அந்த மனுசியை மலைப்பாதையில் இறக்கிவிட இருந்தான்.

12.58க்கு நஸ்ரி வந்தபோது மதுசன் அதே இடத்தில்தான் இருந்தான். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று நஸ்ரி கேட்டான். பெடல் மேலே வந்திருந்தது. போத்தலில் மூன்று விரல் உயரத்துக்கு ஒயில் நின்றது.

இரண்டு மணிக்கு ரீச்சரும் அஸீமும் வந்தார்கள். முனீப் நானா வாயைத் திறக்க முன்பே மதுசன் சொன்னான்.

"ரீச்சர், இப்ப தர ஏலாது. பிழை என்ரதான். ரெண்டு மணித்தியாலம் தாங்கோ."

"நேரத்துக்குப் போய்ச் சேருவமா தம்பி?"

"பிந்தித்தான் போவியள். ஆனா போய்ச் சேருவியள்."

கலிப்பர்களை மாற்றிப் பூட்டினான். நஸ்ரி அடித்தான், மூன்று தரம். முதல் திறப்பிலேயே காற்று குமிழி குமிழியாக வந்தது. பெடல் பாதியில் கல்லாக நின்றது. 3.50க்குக் கார் போனது. கண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று ரீச்சர் இரவு செய்தி அனுப்பினார். ஒப்பரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானும் சிரித்திருப்பேன்.

கார் போனபின் மதுசன் முனீப் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நானா முதலில் சிரித்தார். "வாப்பா… பசிக்குது" என்று அவன் சொன்னதும் சிரிப்பு நின்றது. வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"புல்மோட்டையில இருந்து ஒரு வான் வண்டி வந்த, ஞாபகமா? கலீலுர் றஹ்மான்."

ஞாபகம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், மதுசனின் கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்திய வெள்ளிக்கிழமை. கடைசியாகச் செய்த வேலை. பெடல் கொஞ்சம் பஞ்சாக இருந்தது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அவன் அந்த வசனத்தைச் சொல்லி, தன் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வானைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிவிட்டான்.

"அண்டைக்கே அந்த வான் உவர்மலை இறக்கத்துல போய் மதிலோட அடிச்ச. அவரும் மவுத், அந்த இடத்துலயே உசிர் போன. பின்னால இருந்த பொம்புளப் புள்ளையும் மவுத். ஆறு வயசு."

மதுசன் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தான்.

"கலியாண மாப்பிள்ளைக்கு எப்பிடிச் சொல்ற? பிறகு சொல்லுவம் எண்டு இருந்து… சொல்லவே இல்ல. குடுத்து விடு எண்டதும் நான்தானே. இண்டைக்கும் நான்தானே சொன்ன."

அன்றிரவு மதுசன் தொலைபேசியில் அந்தத் திகதியைத் தேடினான். ஏன் தேடினான் என்று அவனுக்கே தெரியாது. கலியாண வாழ்த்துகள். நூற்றுக்கணக்கில். மாலை, பூ, கடவுள் படங்கள். அவற்றுக்கு நடுவே, பெயர் பதியாத ஓர் இலக்கத்தில் இருந்து ஒரு குரல் செய்தி. வெள்ளிக்கிழமை, பகல் 12.41. பத்தொன்பது செக்கன்.

கேட்காமலே விட்டிருந்தது.

அமத்தினான்.

"தம்பி, கீழ போகுது… நீங்க சொன்ன மாதிரி ரெண்டு தரம் அமத்தினன், பிறகும் நிலத்துக்குப் போகுது."

பின்னால் சின்னக் குரல். "வாப்பா… பசிக்குது."

"இரி மகள். தம்பி, உவர்மலை இறக்கத்துல மேல நிக்கிறன். பிடிச்சிருக்கன்… இறங்கட்டா தம்பி?"