கனகசூரியத்தார் சிரித்த மூன்று படங்கள்

ஆரையம்பதியில் கோகுலராஜின் கமராவைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இருந்தால், அந்த ஆள் அதை இன்னும் காணவில்லை என்று அர்த்தம். சவர்க்காரக் கட்டியளவு சாமான். மூன்று மெகாபிக்ஸல். சுனாமிக்குப் பிறகு ஊருக்கு வந்திறங்கிய தொண்டு நிறுவனமொன்று, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த அவனைக் கள அலுவலராகச் சேர்த்து, கையில் கொடுத்த கமரா அது. 2009இல் நிறுவனம் தன் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனபோது, கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போகிற பாட்டுக்கு அது பெறாது என்று கமராவை அவனிடமே விட்டுப்போனது.

கோகுலராஜ் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதை அவன் யாருக்கும் சொல்வதில்லை; ஐந்து நிமிடம் பேசினால் கேட்கிறவருக்கே தெரிந்துவிடும். கமராவோடு தந்த விளக்கப் புத்தகத்தைக்கூட அவன் பிரிக்கவில்லை. தெரியாதவர்களுக்குத்தானே அது என்று, பட்டச் சான்றிதழுக்குக் கீழே அலுமாரியில் பத்திரமாக வைத்தான்.

வேலை போனதும் கலியாண வீடுகளில் படம் எடுக்கத் தொடங்கினான். உன்னிச்சையில் ஒரு கலியாணம். தாலி கட்டி முடிந்த பிறகு பெண்ணின் மாமன் அவன் தோளைத் தட்டி, "தம்பி, போட்டோக்காரர் இன்னும் வரல்லயா?" என்று கேட்டார். ஒரு மணி நேரமாகப் படம் எடுத்துக்கொண்டு நின்றவன், "வாறாராம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

அன்றிலிருந்து மனதுக்குள் ஒரே வழக்குத்தான். கழுத்தில் தொங்குகிற பெரிய கமரா ஒன்று வாங்குவதா, விடுவதா? முன்பென்றால் விடை இலகு. பெரிய கமராவோடு சோதனைச் சாவடிக்குப் போனால் நீ எந்தப் பத்திரிகை என்று கேட்பார்கள். சவர்க்காரக் கட்டியைக் கண்டால் சிப்பாயும் சிரித்துவிட்டுப் போகச் சொல்வான். இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. நாடு பெரிய கமராவுக்குத் தயார், கோகுலராஜ்தான் தயாரில்லை. வேலை முடிந்தபோது கிடைத்த பணம் முழுதும் அதற்குப் போய்விடும். பிறகு கையில் மிஞ்சுவது பட்டம் மட்டுந்தான்.

அந்த நேரத்தில்தான் பத்தினிப்பிள்ளை மாமி வந்தாள். அவளுடைய புருசன் கனகசூரியத்தார் வாவியில் தோணி விட்டு மீன் பிடித்தவர்; போன மாரியில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார்.

"மனே, அவர்ர ஆண்டுத் திவசத்துக்கு ரெண்டு கிழமதான் கிடக்கு. வெச்சுக் கும்பிட ஒரு படம் இல்ல. வீட்டில இருந்ததெல்லாம் கடல் கொண்டுபோயிற்று. நீதானே அவர வளைச்சு வளைச்சு எடுத்தாய்."

உண்மைதான். கோகுலராஜிடம் கனகசூரியத்தாரின் படங்கள் மூன்று இருந்தன. மூன்றிலும் அவர் ஒரே தோணிக்குப் பக்கத்தில் நின்றார். கையிலிருந்த நிறுவனப் பெயர்ப்பலகை மட்டும் வேறு வேறு. தோணியைக் கொடுத்தது அவனுடைய நிறுவனம், வலையைக் கொடுத்தது இன்னொன்று, நிறம் பூசக் காசு கொடுத்தது மூன்றாவது. மூன்று பேருக்கும் தோணி கொடுத்ததாகவே படம் தேவைப்பட்டது; மற்ற இரண்டு பேரும் படத்துக்கு இவனையே பிடித்தார்கள். "தோணி முழுதும் தெரிய வேணும், பலகை வாசிக்க வேணும், பயனாளி சிரிக்க வேணும்" என்பது மேலிடத்துக் கட்டளை. அவனும் இருபதடி தள்ளி நின்று மூன்றையும் நிறைவேற்றியிருந்தான்.

மட்டக்களப்பு நகரத்து ஸ்டூடியோவில் கொடுத்து, மூன்றில் நல்லதைச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெருப்பித்தான். பலகையின் சாணளவு எழுத்துகள் வாசிக்கும்படி துலங்கின. அதற்கு மேலே கனகசூரியத்தாரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு கபில நிறக் கட்டங்கள் இருந்தன. நடுவில் வெள்ளையாக ஒரு கட்டம். அதுதான் சிரிப்பு.

பத்தினிப்பிள்ளை படத்தைத் தூரப் பிடித்தாள். பிறகு கிட்டப் பிடித்தாள்.

"இது ஆரு மனே?"

"மாமாதான் மாமி."

"நாப்பது வருசத்தில என்னப் பாத்து இப்பிடிப் பல்லக் காட்டாத மனிசன். பலகையக் கண்டுதானா சிரிச்சவர்?" அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "படிச்ச ஆக்களுக்குப் பலக மட்டும் காணும். எனக்கு மூஞ்சி வேணும்."

அந்தச் சொல் அவனை இரண்டு நாள் தின்றது. குற்றம் கமராவில்தான் என்று தீர்ப்பெழுதினான். மாமியின் படத்துக்கு இனிப் பயன்படாவிட்டாலும், இனி ஒரு பத்தினிப்பிள்ளை வந்து இப்படிக் கேட்கக் கூடாது. வங்கியில் பணத்தை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் பஸ் ஏறினான்.

கூட்டாளி றிப்ஷானின் கடை பிரதான வீதியில் இருந்தது. டோகாவில் ஏழு வருடம் கமராக் கடையில் நின்றுவிட்டு வந்தவன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து பெரிய கமராவை எடுத்து, குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தான்.

"பழசயும் தா மச்சான், பார்த்து விலையில கழிச்சுக்கொள்ளுவம்." வாங்கி, பொத்தான்களை அமத்தினான். "இதில பட அளவு ஏன் ஆகச் சின்னதில கிடக்கு?"

"ஒபிசில அப்பிடித்தான் வெச்சுத் தந்த. பெரிய படமெண்டா ஈமெயிலில போகாதாம்."

"எப்ப வெச்ச?"

"ரெண்டாயிரத்து அஞ்சில."

"புறகு மாத்தல்லயா?"

கோகுலராஜ் பெரிய கமராவின் வாரை ஆராய்ந்தான்.

"மச்சான், கலியாண வீட்டுப் படமெல்லாம் இதிலயா எடுத்த? நாலு வருசமா மூணு அற வீட்டுக்குள்ள கக்கூசில குடியிருந்திருக்காய். கம்பஸில இதெல்லாம் படிச்சுத் தாறல்லயா?"

"நான் செய்தது பொருளாதாரம்."

"அது சரி" என்றான் றிப்ஷான், ஆறுதலாக.

மெமரி கார்டைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, வெறும் கமராவை மறுபடி போட்டுப் பார்த்தான். திரையில் படம் வந்தது. "இஞ்ச பார், கமராட உள்ளுக்கயும் படம் கிடக்கு. கார்ட் இல்லாம எடுத்தியா?"

எடுத்திருந்தான். சுனாமி முகாமில் வேலை தொடங்கிய முதல் வாரம் கொழும்பிலிருந்து கார்ட் வரவில்லை. கார்ட் போட்டதும் அந்தப் படங்கள் மறைந்தன. அழிந்துபோயின என்று முடிவுகட்டி, யாரிடமும் கேட்கவில்லை. பட்டதாரி எப்படிக் கேட்பது? ஒன்பது படங்கள். ஒபிசில் வாங்கி அளவைச் சுருக்கித் தந்தது அதற்குப் பிறகுதான். எல்லாம் முழு அளவு. ஆறு, அவனே கையை நீட்டித் தன்னை எடுத்தவை. இரண்டில் முகாம் நாய். ஒன்பதாவதில் கனகசூரியத்தார்.

கூடாரத்து வாசலில் மேற்சட்டை இல்லாமல் நின்றார். பலகை இல்லை. ஒரு கை கமராவைத் தள்ளுவதுபோல நீண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. என்ன சொன்னார் என்பது கோகுலராஜுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது: "சனம் கிடந்து அழுகுது, உனக்குப் படம் கேக்குதா? போடா அங்கால."

றிப்ஷான் பெரிதாக்கிக் காட்டினான். புருவத்து நரை மயிரைக்கூட எண்ணலாம்போலிருந்தது.

கோகுலராஜ் பெரிய கமராவைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்தான்.

"அப்ப இது?" என்று பெரிய கமராவைக் காட்டினான் றிப்ஷான்.

"இப்ப வேணாம்." கோகுலராஜின் கண் சுவர்ப்பக்கம் போனது. அங்கே பெரிய கமரா வைக்கிற கறுப்புப் பை ஒன்று தொங்கியது. மூன்று அறை, தோளுக்கு மெத்தை வைத்த வார். "அந்தப் பையத் தா."

"அதுக்குள்ள எதப் போடப்போறாய்?"

"இதத்தான்" என்று சவர்க்காரக் கட்டியைக் கையில் எடுத்தான்.

திவசத்தன்று படையலுக்குப் பின்னால், பூமாலை போட்ட சட்டத்துக்குள், கனகசூரியத்தார் வந்தவர்களையெல்லாம் ஏசிக்கொண்டிருந்தார். பத்தினிப்பிள்ளை முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"இந்தா, ஏசுறார்" என்றாள் கடைசியில். "இவர்தான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள், கோகுலராஜின் தோளில் தொங்கிய பையைக் கண்டாள். "பெரிய கமரா வாங்கினியா மனே? அதான் பார், ஆள் உயிரோட நிக்கிற மாதிரி விழுந்திருக்கு."

பக்கத்திலிருந்தவர்கள் பையைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், ஓம், பெரிய கமரா பெரிய கமராதான் என்றார்கள். ஒருவர் தன் மகளின் கலியாணத்துக்கு வரச்சொல்லி அங்கேயே நாளும் சொன்னார். செத்து ஒரு வருடமான மனிதரைப் போன கிழமை வாங்கிய கமராவால் எப்படி எடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பட்டதாரியும் விளக்கப் போகவில்லை. பாயசக் கோப்பையை வாங்கிக்கொண்டு, கனகசூரியத்தாருக்கு முதுகு காட்டுகிற மாதிரி ஓரிடம் பார்த்து உட்கார்ந்தான்.